தற்காலிகமாகப் போட்ட போல்ட்

என் ஜீப்பின் பின்பக்க இடது ஷாக் அப்சார்பரைப் பிடித்து வைத்திருந்த போல்ட் உடைந்து ஒன்றரை மாதம் ஆகிறது.

ஒரு விரல் நீளம்கூட இல்லாத போல்ட். அதற்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டேன். நடுவில் மழை, கத்தரிக்காய் விலை, ஸ்ரீரங்கத்து வீதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கதை என்று எதையெதையோ எழுதி நிரப்பினேன். "இந்த வாரம் நல்லா இருந்துச்சு சார்" என்று நீங்களும் மெயில் அனுப்பினீர்கள். ஒவ்வொன்றையும் படிக்கும்போது உள்ளுக்குள் கூசியது.

ஜீப்பைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. இருபது வருடம் ஓடிய, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கோயில் பிரகாரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு உனக்கெதற்கு ஃபோர் வீல் டிரைவ் என்று கேட்காத உறவினர் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு பச்சைமலைக்கு ஏறுவேன். கல், சேறு, ஓடைத் தண்ணீர்... எதிலும் நிற்காது. அந்தப் பெருமையை இதே பக்கத்தில் நாலைந்து தடவை அடித்திருக்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையிலிருந்து இறங்கும்போது பின்னால் 'டங்' என்றது. பார்த்தால், இடது பக்க ஷாக் அப்சார்பரின் கீழ்முனை கழன்று தொங்குகிறது. ஸ்பிரிங் குதிக்கிற குதிப்பை அடக்குவதுதான் அதன் வேலை. அதன் கீழ்முனையைச் சக்கரத்தின் அச்சோடு சேர்த்து வைப்பது ஒரே ஒரு போல்ட். கல்லில் அடிபட்டு அது போய்விட்டது.

துறையூர் சாலையில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். அங்கிருந்தவர் டப்பாவைக் கிளறி ஒரு போல்ட்டை எடுத்துப் போட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே தெளிவாகச் சொன்னார்.

"இது சாதா போல்ட்டுங்க. இதுக்குன்னு கெட்டியா ஒண்ணு வரும், எங்கிட்ட இல்ல. இப்போதைக்குத் தாங்கும். திருச்சி போன உடனே மாத்திடுங்க."

"மாத்திடறேங்க" என்றேன்.

உடனே என்றால் எத்தனை நாள்? என் விஷயத்தில் ஐந்து மாதம்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பொய். மறக்கவே விடாமல் அது சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னால் 'டொக்'. போல்ட் துளையைவிடக் கொஞ்சம் மெலிது போலிருக்கிறது, ஆடி ஆடித் தட்டியது. முதல் மாதம் கவனித்தேன். இரண்டாவது மாதம் பழகிவிட்டது. மூன்றாவது மாதம் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

என் மெக்கானிக் காதர் பாய். பாலக்கரையில் ஒர்க் ஷாப். பதினோரு வருடமாக இந்த ஜீப்பைத் தொட்டவர் அவர்தான்... துறையூர் சாலைக்காரரைத் தவிர. ஒரு நாள் காந்தி மார்க்கெட் வாசலில் எதிர்ப்பட்டார். பேசிவிட்டு வண்டியை எடுத்தேன். பத்தடி போவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பின்னாடி தட்டுது சார். ஒரு நாள் கொண்டாந்து விடுங்க."

"அடுத்த வாரம் பாய்."

அந்த அடுத்த வாரம் வரவில்லை. நேரமில்லை என்பதல்ல காரணம். ஓடுகிறதே, அப்புறமென்ன? நம் வீடுகளைச் சுற்றிப் பாருங்கள். குழாயில் சுற்றிய துணி, ஒயரில் ஒட்டிய டேப், காலுக்கு அடியில் அட்டை வைத்த மேஜை... எல்லாமே 'இப்போதைக்கு' என்று செய்ததுதான். அந்த 'இப்போதைக்கு' எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. குழாய் ஒழுகினால் நம் வீடுதான் நனையும், போகட்டும். ஆனால் வண்டி அப்படியில்லை. அதில் மற்றவர்களும் ஏறுகிறார்கள்.

தங்கராசு ஏறினார்.

தங்கராசுவுக்குத் தொட்டியத்தில் வாழைத் தோட்டம். காவிரிக் கரையை ஒட்டி. எனக்கும் அவருக்கும் நட்பு ஏற்பட்டதே ஒரு சண்டையில். பூவன் பழத்தைப் பற்றி இங்கே நான் தப்பாக எழுதிய ஒரு வரியைத் திருத்தி, 'விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுதவும்' என்று கார்டு போட்டார். கேட்கப் போனேன். அன்றைக்குச் சாப்பிடாமல் விடவில்லை அவர் மனைவி அமுதா. அது ஆயிற்று பதினைந்து வருடம்.

ஒரு நாள் காலையில் அவருடைய வலது கண்ணில் ஓரமாகக் கறுப்புத் திரை இறங்கியது. திருச்சியில் கண் ஆஸ்பத்திரி. விழித்திரை பிய்ந்திருக்கிறது என்றார்கள். மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் காற்றுக் குமிழ் ஒன்றை வைத்திருந்தார்கள். அந்தக் குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்றால் ஆள் பத்து நாள் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போது குனிந்து. தூங்கும்போது குப்புற.

"ரெண்டு நாளா மனுசங்களைச் செருப்பை வச்சுத்தான் அடையாளம் பார்க்கறேன். உங்க செருப்பு தேஞ்சு போச்சு சார், மாத்துங்க" என்றார் என்னைப் பார்க்காமலே.

எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றோம். அவர் கேட்கவில்லை. "குப்புறப் படுக்கறதுக்கு அடுத்தவங்க வீடு எதுக்கு சார்?" என்றார். சரி, கார் வைத்துப் போகலாம். முசிறி தாண்டித் தொட்டியம் வரை நல்ல ரோடுதான். ஆனால் ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் தோட்டத்துப் பாதை. மழை பெய்து சேறாகியிருந்தது. கார் போகாது.

அமுதா ஒரு யோசனை சொன்னாள். "மெயின் ரோட்ல இறக்கி விட்டுடுங்கண்ணே. நான் கையைப் புடிச்சு மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போயிடறேன்."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "என் ஜீப் எதுக்கும்மா இருக்கு? வாசல்லயே கொண்டுபோய் இறக்கறேன்."

டிஸ்சார்ஜ் எழுதிய டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். "குலுங்காம கூட்டிட்டுப் போங்க." தலையாட்டினேன். அந்த நிமிஷம் போல்ட்டின் ஞாபகம் வந்ததா என்று பிற்பாடு என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். வந்தது. ஒரு விநாடி வந்தது. இத்தனை நாள் தாங்கியது இன்னொரு நாள் தாங்காதா என்றும் அந்த ஒரு விநாடிக்குள்ளேயே தோன்றிவிட்டது.

பின்னால் மெத்தையை விரித்து, அமுதாவின் மடியில் தலையணை வைத்து, அதில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டார். காவிரிப் பாலம், டோல்கேட், குணசீலம், முசிறி... நாற்பதுக்கு மேல் போகவில்லை. தொட்டியம் தாண்டித் தோட்டத்துப் பாதையில் இறங்கினேன். நடக்கிற வேகம்தான். இரண்டு பக்கமும் வாழை. வழியில் ஒரு வாய்க்காலைக் கடக்க வேண்டும். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கியது.

டங்.

போல்ட் அறுந்து, ஷாக் அப்சார்பரின் கீழ்முனை தொங்கி, வாய்க்கால் கரையில் குத்திக்கொண்டது. ஜீப் ஒரு எகிறு எகிறி, வெட்டி நின்றது. பின்னால் அமுதாவின் அலறல். திரும்பிப் பார்த்தேன். தலையணை ஒரு பக்கம், தங்கராசு ஒரு பக்கம். பக்கவாட்டு இரும்பில் நெற்றி மோதியிருந்தது.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லைங்க..." என்றார். இரண்டு கையாலும் வலது கண்ணின் கட்டைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்போதும் தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னார்.

பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். மிச்ச தூரம் அவரை நடத்தித்தான் கூட்டிப் போனோம். தொங்கிய ஷாக்கை வாழை நாரால் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து நான் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

நான்காவது நாள் அமுதாவிடமிருந்து போன்.

"அண்ணே, மறுபடியும் கறுப்பாத் தெரியுதுங்கறாரு."

விழித்திரை திரும்பவும் பிய்ந்திருந்தது. இரண்டாவது ஆபரேஷன். இந்தத் தடவை காற்றுக்குப் பதில் எண்ணெய் மாதிரி ஒன்றை வைத்தார்கள். நான் வராந்தாவில் டாக்டரம்மாவை மறித்துக் கேட்டேன். "வண்டி குலுங்குச்சே, அதனாலயா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "சில பேருக்கு வீட்டைவிட்டு அசையாம இருந்தாலும் மறுபடி பிய்யும். அதனாலதான்னு சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "அதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார்.

முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வார்டுக்குள் போனேன். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த தங்கராசு என் கையைத் தேடிப் பிடித்து, "விடுங்க சார். பாதை அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆமாம், பாதை அப்படி என்று.

அதற்கடுத்த நாள்தான் ஜீப்பைப் பாலக்கரைக்குக் கொண்டுபோனேன். காதர் பாய் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்தார். உடைந்த போல்ட்டின் ஒரு துண்டு இன்னும் துளைக்குள்ளேயே துருப்பிடித்து மாட்டியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடேற்றி, தட்டித் தட்டி வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுத்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் போட்டது இல்லையே சார்."

சொன்னேன். பச்சைமலை, துறையூர் சாலை, ஐந்து மாதம்.

"போல்ட்டு தலையில நம்பர் போட்டிருக்கும், அதுதான் அதோட பலம். இதுல பாருங்க, மொட்டையா இருக்கு. கதவு, கேட்டுக்குப் போடறது" என்றார். துளையில் விரலை விட்டுக் காட்டினார். ஆடி ஆடி வட்டமான துளை முட்டை வடிவமாகியிருந்தது. அந்த இரும்புத் தகட்டையே மாற்ற வேண்டும். போல்ட்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது. "ஒரே நாள்ல இது இப்படி ஆகாது சார். மாசக்கணக்கா சொல்லியிருக்கும் உங்ககிட்ட."

இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன். புது போல்ட், புது வாஷர், புது புஷ். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, முழுசாக முறுக்காமல் ஜாக்கியை இறக்கினார். வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகு அடியில் நுழைந்து முறுக்கினார். தூக்கி வைத்தபடி முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். ஸ்பானரைப் பிடித்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு வண்டியில யாராச்சும் இருந்தாங்களா?"

தங்கராசுவைப் பற்றிச் சொன்னேன். ஸ்பானர் நின்றது.

"அவருக்குத் தெரியுமா? போல்ட்டு விஷயம்?"

"தெரியாது பாய்."

மறுபடி முறுக்க ஆரம்பித்தார். வேலை முடிந்து, கையைக் கழுவி, வண்டிச் சாவியைக் கொடுக்கும் வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒரு சாதா போல்ட்டை எடுத்துவிட்டு நல்லது போட மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. ஐந்து மாதத்தில் ஏதோ ஒரு மூன்று மணி நேரம். அதை நினைத்துக்கொண்டே பாலத்தின் மேல் வந்தேன். ஜீப்பில் சத்தமே இல்லை. இவ்வளவு அமைதியாக ஓடும் வண்டியா இது என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

பத்து நாள் கழித்துத் தொட்டியம் போனேன். தங்கராசு பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அமுதா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும் தங்கராசு."

"சொல்லுங்க சார்."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சாதா போல்ட், 'உடனே மாத்திடுங்க', காதர் பாய் கையைக் காட்டி நிறுத்தியது, ஆஸ்பத்திரியில் அந்த ஒரு விநாடி ஞாபகம் வந்தது. ஒன்றையும் விடவில்லை. முறத்தின் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

"அந்தச் சத்தம்..." என்றார் தங்கராசு. "ரோட்ல வரும்போதே கேட்டுச்சு சார். டொக்கு டொக்குனு. குப்புறப் படுத்திருந்தேன்ல, காதுக்குக் கீழேயே கேட்டுச்சு. என்னன்னு கேட்கலாம்னு நினைச்சேன். சாருக்குத் தெரியாததா இருக்குமான்னு விட்டுட்டேன்."



"நடந்தே போயிடறோம்னு நான் சொன்னேன்ல?" என்றாள் அமுதா. குரலை உயர்த்தவில்லை. என்னை அண்ணே என்றும் சொல்லவில்லை.

"மன்னிச்சுடுங்க" என்றேன்.

தங்கராசு கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் இன்னும் சிவந்திருந்தது. "இதை இப்ப ஏன் சார் சொல்றீங்க? என் மனசுக்கு நல்லதுன்னா? இல்ல உங்க மனசுக்கு நல்லதுன்னா?"

"தெரியல."

"பாதை மேல பழியைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு இருந்தேன். பாதைகிட்ட கோவிச்சுக்க முடியாது பாருங்க, அது ஒரு நிம்மதி. இப்ப இந்தக் கண்ணைத் திறக்கறப்ப எல்லாம் உங்க ஞாபகம்ல வரும்?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போயிட்டு வாங்க சார்."

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் என்னை யாரும் சாப்பிடச் சொல்லவில்லை.

சொல்லியிருக்கக் கூடாதோ? வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன். "சொல்லாம இருந்திருந்தா அடுத்த தடவை அவர் முகத்தைப் பார்த்திருப்பீங்களா?" என்றாள். பார்த்திருப்பேன், அதுதான் பயமாக இருக்கிறது. பார்த்து, சிரித்து, சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். போல்ட்டின் சத்தம் பழகியது போல அதுவும் பழகியிருக்கும்.

மூன்று வாரம் எந்தப் பேச்சும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"சார், வியாழக்கிழமை செக்கப்பு. வண்டி வருமா?"

"கார் ஒண்ணு சொல்லிடறேன் தங்கராசு. ரோடு வரைக்கும்..."

"ஜீப்பைத்தான் சார் கேட்டேன்."

போனேன். ஏறுவதற்கு முன் பின்சக்கரத்தின் பக்கம் வந்து நின்றார். "எது மாத்துனது? காட்டுங்க." காட்டினேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தடவித் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறினார். அமுதா பின்னால் உட்கார்ந்தாள். வாய்க்கால் வந்தபோது, "மெதுவாண்ணே" என்றாள். அந்த 'அண்ணே'வைக் கேட்டும் நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

டாக்டரம்மா நல்ல சேதியும் சொன்னார், மற்றதும் சொன்னார். விழித்திரை ஒட்டிக்கொண்டுவிட்டது. இனிப் பிய்யாது என்று நம்பலாம். ஆனால் அந்தக் கண்ணில் பார்வை இவ்வளவுதான். கை நீட்டும் தூரத்தில் விரல்களை எண்ண முடிகிறது. எழுத்து தெரியாது. முகம் தெரியாது. டம்ளரில் டீ ஊற்றினால் கொஞ்சம் வெளியே சிந்துகிறது. வாழைத் தார் வெட்டும் வேலையை இப்போது ஆள் வைத்துத்தான் செய்கிறார். கத்தி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடவில்லையாம்.

அந்தக் குலுங்கலில் போனதா, தானாகவே போயிருக்குமா... இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக்கொள்ள உரிமை இல்லை.

திரும்பும் வழியில் முசிறியில் டீக்கடை வாசலில் நிறுத்தினோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி தங்கராசு சொன்னார்.

"இதை எழுதுங்க சார்."

"எதை?"

"இதைத்தான். மலை ஏறுனது, சேத்துல ஓட்டுனது எல்லாம் எழுதுனீங்கள்ல? அதைப் படிச்சுட்டுத்தானே உங்க வண்டியை நம்பி நான் ஏறுனேன். இதையும் எழுதுங்க. என் பேரை வேணா மாத்திக்குங்க, ஊர்ல ஆளாளுக்குக் கேட்பாங்க. உங்களுக்குத் தோதா வேற எதையும் மாத்திடாதீங்க."

பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.